காலைப் பாசஞ்சர் முகூர்த்தம்

பாசஞ்சர் இன்னும் வரவில்லை. மணமேடையில் உட்கார்ந்திருக்கும் கல்யாணப்பெண் கவலைப்பட வேண்டிய விஷயமா இது என்று பூரணம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கேட்டபடியே காதை மட்டும் ஜன்னல் பக்கம் அனுப்பிவைத்தாள். ஐம்பத்தொரு வயதில் கழுத்துக்கு இவ்வளவு கனமான மாலை. சம்பங்கி ஒன்று தாடைக்குக் கீழே குத்திக்கொண்டே இருந்தது. கையை எடுத்துச் சொறிந்தால் வீடியோ எடுக்கிறவர் அதைத்தான் பெரிசாக்கிக் காட்டுவார், குத்தினால் குத்தட்டும் என்று விட்டுவிட்டாள். பக்கத்தில் ஆவுடையப்பன். வாழ்நாளெல்லாம் அரசு பஸ் ஓட்டியவர், எத்தனையோ கல்யாண கோஷ்டிகளை ஏற்றி இறக்கியவர், தனக்கென்று வந்ததும் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டப்போகிறவர் மாதிரி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹால் தரையில் ஷட்டில் கோர்ட்டுக்காகப் போட்ட வெள்ளைக்கோடு நேராக வந்து மணமேடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தது. ஒருவேளை நாம் இரண்டு பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருக்கிறோமோ என்று நினைத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் நின்று விசிறிக்கொண்டிருந்த டோரத்தி, என்ன மேன் சிரிப்பு என்று காதுக்குள் கேட்டாள். டோரத்தி பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்தியன், ரயில்வே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனவள், இன்றைக்குப் பெண்ணுக்குத் தோழி என்கிற ஹோதாவில் வாழ்க்கையில் மூன்றாம் முறையாகச் சேலை கட்டியிருக்கிறாள், அது எந்த நிமிஷமும் அவிழ்ந்துவிடும் போலிருந்தது. தாலி தாம்பாளத்தில் தேங்காய் மேல் படுத்திருந்தது. ஸ்டேஷன் பிள்ளையார் கோயில் குருக்கள் மந்திரம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, சொன்னதையே மெதுவாக இன்னொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் ஜன்னல் மேல்தான்.

ஓடைமேடு ஜங்ஷனில் அப்படித்தான். மற்ற ஊர்களில் கெட்டிமேளம் சொல்லித் தாலி கட்டுவார்கள், இங்கே ரயில் சொல்லிக் கட்டுவார்கள். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை என்று பஞ்சாங்கம் போட்டால், அதற்குள் எந்த வண்டி வருகிறது என்று பார்த்துத்தான் பத்திரிகை அடிப்பது. வண்டி ஹாலுக்கு நேரே வரும்போது டிரைவர் ஒரு நீள ஊதல் கொடுப்பார், அப்போது முடிச்சுப் போட வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், பிறகு ஊதலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வேறு எங்கேயும் ஊர் முதலில் இருக்கும், ரயில் பிறகு வரும். இங்கே எஞ்சினுக்குத் தாகம் எடுத்த இடத்தில் ஊர் உண்டாயிற்று. மலைப்பக்கம் ஏறுகிற நீராவி வண்டிக்கு நடுவழியில் தண்ணீர் வேண்டும் என்று வெள்ளைக்காரன் இந்த மேட்டில் கிணறு வெட்டி ஒரு இரும்புத் தொட்டியைத் தூக்கி வைத்தான், தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அந்த ஆளுக்குத் துணைக்கு இன்னொரு ஆள், இரண்டு ஆளுக்கும் டீ போட ஒரு ஆள், அப்படியே வளர்ந்து பிள்ளையார் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், இன்ஸ்டிடியூட், கிறிஸ்துமஸ் டான்ஸ் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒருத்தருக்கும் இங்கே பூர்வீகம் கிடையாது. எங்கள் வழக்கத்தில் இப்படி இல்லை என்று இழுக்கிறதுக்கு ஒரு பெரியப்பா, ஒரு பங்காளி பக்கத்தில் இல்லாததால் வழக்கத்தையே இவர்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஊதலும் அப்படி வந்ததுதான். அந்தோணிமுத்து என்று ஒரு டிரைவர், கூடப்பிறந்த ஒரே தங்கைக்கு மாதா கோயிலில் கல்யாணம், அன்றைக்கென்று பார்த்து லீவு கிடைக்கவில்லை. அழுத தங்கையிடம், ஊதினால் வந்தேன் என்று வைத்துக்கொள் என்றாராம். ஓடைப் பாலத்தில் எஞ்சின் ஏறியதும் ஊத ஆரம்பித்தவர் மாதா கோயிலைத் தாண்டும்வரை கையை எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் யார் கல்யாணத்துக்கும் நேரே வருகிற இடத்தில் ஒரு ஊதல் உண்டு. ஆனால் டிரைவரின் சொந்த வீட்டுக் கல்யாணம் என்றால் பாலத்திலிருந்தே ஊதிக்கொண்டு வர வேண்டும். நான் வந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும், அதனால்தான் இன்றைக்கு ஹால் இவ்வளவு நிறைந்திருக்கிறது, பூரணத்தைப் பார்க்க மட்டும் வந்த கூட்டம் இல்லை இது.

இன்றைக்குப் பாசஞ்சரை ஓட்டிக்கொண்டு வருகிறவன் செழியன். பூரணத்தின் ஒரே மகன். செழியா, செழியா என்று மனசுக்குள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். விஷயத்தை அவனிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எப்படிச் சொல்வது என்று வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசியில் மூன்றாவது தோசையைத் தட்டில் போடும்போது, நான் ஆவுடையப்பனைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்யா என்று சொல்லிவிட்டாள். அவன் தோசையைத் தின்று முடித்தான். சட்னி நல்லாயிருக்கு என்றான். கையைக் கழுவிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்பா போட்டோவை என்னம்மா செய்வ?" என்று கேட்டான். கேட்ட தோரணையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை. "அது இருக்கிற இடத்துலதான் இருக்கும். அவரு வேணும்னா அதுக்குக் கீழ உக்காந்து காப்பி குடிக்கட்டும்" என்றாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை, கேஸ் வந்துவிட்டதா, மோட்டார் ரிப்பேரா, அரிசி இருக்கா, இதுதான் பேச்சு. பத்திரிகையை நீட்டியபோது தேதியைப் பார்த்துவிட்டு, எனக்கு அன்னிக்குப் பாசஞ்சர் என்றான். லீவு போடுகிறேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பூரணம் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டாள். வர முடியாது என்றா, வரமாட்டேன் என்றா, வண்டியில் வருகிறேன் என்றா? லீவு போட்டு வந்து மூலையில் நிற்பதைவிட வண்டியில் வந்து ஊதுவதுதான் பெருமை என்று நினைத்திருப்பானோ? அப்படி நினைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டானா? இவனைப் போலவே எஞ்சின் ஓட்டிய இவன் அப்பா மாசிலாமணி எதையாவது சொல்லியிருக்கிறாரா, அவர் வயிற்றுவலி என்று ஒரு நாளும் சொல்லாமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார், போய்ச் சேர்ந்தேவிட்டார். இன்று காலை இருட்டோடு எழுந்து, கல்யாணப்பெண்ணாயிற்றே என்று பார்க்காமல், வழக்கம்போல டிபன் கேரியர் கட்டிக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவன் தண்ணீர் பாட்டிலுக்காகத் திரும்பி வந்தான். பாட்டில் கையில்தான் இருந்தது. அதை இரண்டு பேரும் பார்த்தார்கள். அப்படியே போய்விட்டான். எதற்குத் திரும்பி வந்தான்?

ஊதாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஒன்றும் ஆகாது. இப்போதெல்லாம் தேவையில்லாமல் ஹாரன் அடிக்கக்கூடாது என்று மேலதிகாரிகள் கண்டிக்கிறார்களாம், அதனால் பையன் பயந்திருப்பான் என்று ஊர் சமாதானம் சொல்லிக்கொண்டு பாயசம் குடிக்கும். ஹாலுக்கு நேரே வந்து எல்லாருக்கும் ஊதுகிற மாதிரி ஒன்று ஊதிவிட்டுப் போனால்? அதற்குத்தான் அவள் பயந்தாள். ஊதாமல் போனால் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம், கோபம் என்றால் ஆறும். ஊருக்கு ஊதுகிற ஊதலை அம்மாவுக்கு ஊதினால் நீயும் ஊரில் ஒருத்தி என்று ஆகிவிடுகிறதே. சே, என்ன இது, கல்யாண மேடையில் உட்கார்ந்துகொண்டு. ஆவுடையப்பன் திரும்பி, தாகமா இருக்கா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மனுஷனைக் கட்டிக்கொள்கிறாள், வேறென்ன. டிரைவர்கள் வந்து படுத்து எழுந்து போகிற ரன்னிங் ரூமில் மாசிலாமணி போன பிறகு அவளுக்குச் சமையல் வேலை கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் சுடச்சுடப் பரிமாறினாள், நீ சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லாமல் இருந்தது. ரன்னிங் ரூமுக்குப் போக லெவல் கிராசிங்கைத் தாண்ட வேண்டும், அவள் போகிற நேரத்துக்கு கேட் சாத்தியிருக்கும், கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆவுடையப்பனின் பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். முதல் மழைக்காலத்தில், உங்க ரயிலு எங்க பொழப்பைக் கெடுக்குதுங்க என்று ஸ்டியரிங்கிலிருந்தே கத்தினார். அடுத்த வருஷம் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, இன்னிக்கு என்ன சமையல் என்று கேட்டார். அதற்கடுத்த வருஷம் கேட் திறந்த பிறகும் பஸ் நகராமல் நின்றது, பயணிகள் உள்ளேயிருந்து ஓவென்று சத்தம் போட்டார்கள். ரயில்வே ஊருக்குப் போயும் போயும் பஸ்காரன் மாப்பிள்ளையா என்று ஊர் முழுக்கக் கேலி, ரயில் கார்டுகள் குடியிருக்கும் லைன் பெண்கள் நலுங்கு வைத்தபோது அவர் கையில் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, இறங்கும் இடம் ஓடைமேடு, திரும்பிப் போக முடியாது என்றார்கள். மனுஷன் அதைப் பத்திரமாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பூரணத்துக்கு அப்போது அழுகையே வந்துவிட்டது, சிரித்துச் சமாளித்தாள்.

இதே ஹாலில்தான் அவள் முதல் கல்யாணமும் நடந்தது. அப்போது கரி எஞ்சின். பூரணம் ரயிலே பார்க்காத பருத்திக்காட்டு ஊரிலிருந்து வந்தவள், இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக அவளுக்கு யாரும் சொல்லவில்லை, தலைக்கு மேலே வானம் பிளந்த மாதிரி ஊதல் கேட்டதும் துள்ளி எழுந்து மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே கையைப் பிடித்த பெண் என்று அவளுக்கு ரொம்ப நாள் பெயர் இருந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கரித்தூள் வந்து அட்சதையெல்லாம் எள் கலந்த மாதிரி ஆகிவிட்டது. முதல் ஒரு மாதம் ஒவ்வொரு வண்டிக்கும் தூக்கம் கலைந்து உட்கார்ந்தாள், பிறகு பிறந்த வீட்டுக்குப் போனால் வண்டிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் புரண்டாள். மாசிலாமணி அவர் தங்கை கல்யாணத்துக்குப் பாலத்திலிருந்து ஊதிக்கொண்டு வந்தபோது இதே ஜன்னல் ஓரத்தில் செழியனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை பயந்து அழுவான் என்று காதைப் பொத்தப் போனாள், அவன் கையைத் தட்டிவிட்டு, அப்பா வந்துட்டாங்க, அப்பா வந்துட்டாங்க என்று குதித்தான். அவனுக்கு அது ஞாபகம் இருக்குமா? மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும். மாசிலாமணி இப்போது இருந்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்க்க இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாள், இந்த மேடையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தபோது பயமாகவே இல்லை. பஸ்ஸா, சரி, நேரத்துக்கு வருவானா என்று கேட்பார். அவ்வளவுதான் கேட்பார். மாலைக்குள் விரலை விட்டுத் தாடையை ஆசைதீரச் சொறிந்துகொண்டாள், வீடியோ எடுக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும்.

அப்போது கேட் மணி அடித்தது. குருக்கள் தாம்பாளத்தை எடுத்தார், ஆவுடையப்பனின் தங்கை சண்முகத்தாய் விளக்கோடு பின்னால் வந்து நின்றாள், ஆவுடையப்பன் தாலியை எடுத்துக்கொண்டார். பூரணம் கண்ணை மூடினாள். பாலத்தில் வண்டி ஏறினால் முதலில் இரும்புச் சத்தம் வரும். வந்தது. கனமாக, தரை அதிர வந்தது. ஊதல் இல்லை. பாலத்தைக் கடந்துவிட்டது, ஊதல் இல்லை. ஹாலுக்கு நேரே வந்ததும், பாம், கொஞ்சம் விட்டு, பாம் என்று இரண்டு ஊதல். வெளியூரிலிருந்து கூட்டி வந்திருந்த மேளக்காரர்களிடம் ரயில் ஊதினால் அடியுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள், அவர்கள் அடி பின்னிவிட்டார்கள். அட்சதை பறந்தது, ஆவுடையப்பன் பதற்றத்தில் முதல் முடிச்சைப் போட்டார், நாத்தனார் போட வேண்டிய இரண்டாவதைச் சண்முகத்தாய் இழுத்துப் போட்டாள். பூரணத்தின் காதில் மட்டும் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊதலைத் துண்டு துண்டாக ஊதுகிறவன் தேவசகாயம். கூட்ஸ் டிரைவர். நேற்று ரன்னிங் ரூமில் அவள் கையால் ரவா உப்புமா மூன்று தட்டுச் சாப்பிட்டுவிட்டு, அக்கா, நான் அந்தப் பக்கம் வந்தா சும்மா போகமாட்டேன் என்று சொல்லிப் போனவன். பாசஞ்சரை எங்கேயோ பின் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு கூட்ஸை முன்னால் விட்டிருக்கிறார்கள், அந்தப் பாவி மனுஷன் பாசத்தில் ஊதிவிட்டான். ஜன்னலுக்கு வெளியே மதில் சுவருக்கு மேலே மூடிய வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, பாசஞ்சருக்கு ஏது வேகன். அவள் பின்னால் கையைக் கொண்டுபோய்ச் சண்முகத்தாயின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மதினி?" என்றாள் சண்முகத்தாய். மேளம் நின்றிருந்தது. ஐம்பத்தொரு வயதில் மேடையில் உட்கார்ந்ததே பெரிது, அதில் முடிச்சை வேறு நிறுத்தி வைக்கிறாளே என்று பேச்சு வராதா? தப்பான வண்டிக்குக் கட்டினாலும் தாலி தாலிதானே, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டால் இதோ முடிந்தது, சாப்பாட்டுக்கு எழுந்துவிடலாம், வருகிறவன் எப்படி ஊதினாலும், ஊதாவிட்டாலும், நமக்கு நடந்தது நடந்துவிட்டது என்று தேறிக்கொள்ளலாம். எவ்வளவு வசதி. ஆனால் அவன் பாலத்திலிருந்து ஊதிக்கொண்டு வந்து, இங்கே எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தால்? "மூணாவது முடிச்சு இருக்கட்டும் தாயி" என்றாள். "என் பிள்ளை இன்னும் வரலை." ஹால் முழுக்க அது கேட்டுவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அது கூட்ஸ்தான், நான் அப்பவே பார்த்தேன் என்றார் ஒரு ரிட்டயர் ஆன கார்டு, அப்பவே பார்த்தவர் அப்பவே ஏன் சொல்லவில்லை என்று அவர் மனைவி கேட்டாள். இரண்டு முடிச்சோடு நிறுத்தலாமா என்று குருக்களிடம் கேட்டதற்கு, நல்ல நேரம் இன்னும் கிடக்கு, சிக்னல் கிடைக்காம நிக்கிற வண்டிக்கு யாரு என்ன செய்ய முடியும் என்றார் அவர். டோரத்தி அவிழ்ந்த கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் விசிறினாள். சமையல்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அப்பளம் பொரிக்கலாமா கூடாதா என்று ஜாடையில் கேட்டுவிட்டுப் போனார். பூரணம் பயந்து பயந்து ஆவுடையப்பன் பக்கம் திரும்பினாள். முதல் முடிச்சு போட்டதோடு அவர் விறைப்பு போயிருந்தது. "எத்தனை வருசம் உங்க கேட்டுல பஸ்ஸை நிப்பாட்டிட்டுக் காத்துக் கெடந்திருக்கேன்" என்றார். "இன்னொரு வண்டிதான. வரட்டும்."

காத்திருந்தார்கள். இப்படிச் சந்தோஷமாகக் காத்திருந்த கூட்டத்தை அந்த ஹால் பார்த்ததில்லை. கலைந்த அட்சதையைப் பெண்கள் குனிந்து பொறுக்கிச் சுளகில் சேர்த்தார்கள், போதாது என்று இன்னும் கொஞ்சம் மஞ்சள் அரிசி பிசைந்தார்கள், மேளக்காரர்களுக்கு டோரத்தி டீச்சர் எது கூட்ஸ் எது பாசஞ்சர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல் சொல்லிக்கொடுத்தாள். பூரணம் மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டோமே. ஊர் கேட்கச் சொல்லிவிட்டோமே. இனி அவன் ஊதாமல் போனால் கோபம் என்றுகூட வைத்துக்கொள்ள முடியாது, இத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மூன்றாவது முடிச்சை ஒரு சத்தமும் இல்லாமல் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொள்வோம், அதனால் என்ன. பாட்டில் கையில்தான் இருந்தது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டிலுக்காகத் திரும்பி வந்தான். கேரியரில் எலுமிச்சைச் சாதம் வைத்தேனா, புளிச்சாதமா? எலுமிச்சை. கல்யாண நாளில் புளி வைக்க மனசு வரவில்லை. தின்றிருப்பானா? பின் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திப் போட்டிருக்கும்போது முகூர்த்தம் போய்விடுமோ என்று கேபினில் தவித்திருப்பானா, இல்லை, போகட்டும் என்று இருந்திருப்பானா? கேட் மணி அடித்தது.

சண்முகத்தாய் நூலைப் பிடித்துக்கொண்டாள். தொலைவில் இரும்புச் சத்தம் எழுந்தது, கூட்ஸ் மாதிரி அடித்துக்கொண்டு வராமல், லேசாக, தடதட, தடதட என்று பழகின நடையில். பாலத்தில் ஏறிவிட்டான். ஊதல் இல்லை. தடதட, தடதட. பாலத்தின் ஒரு கண் தாண்டியது, இரண்டாவது கண் தாண்டியது. பூரணம் குனிந்து மருதாணி விரல்களைப் பார்த்தாள். சரிய்யா, நல்லபடியா போ, வண்டியைப் பார்த்து ஓட்டு என்று மனசுக்குள் சொன்னாள், சொல்லி முடிக்கவில்லை, பாதிப் பாலத்தில் ஊதல் கிளம்பியது. முதலில் சின்னதாக, தொண்டையைச் சரிசெய்துகொள்கிற மாதிரி ஒன்று, உடனே முழுசாக. அறுபடாமல். பாலத்தைத் தாண்டி வந்தது, கேட்டைத் தாண்டி வந்தது, ஜன்னல் கண்ணாடியெல்லாம் சேர்ந்து ஊதின. முதல் பாதிப் பாலத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரியாது, ஒரு நாளும் கேட்கமாட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, வீடியோ எடுக்கிறவர் எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றார். மேளக்காரர்கள் இந்தத் தடவை டோரத்தியின் முகத்தைப் பார்த்து, அவள் தலையசைத்த பிறகு அடித்தார்கள், அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. பின்கழுத்தில் சண்முகத்தாயின் விரல்கள் மூன்றாவது முடிச்சை இறுக்கின. வண்டி ஹாலைத் தாண்டியது. வழக்கப்படி அங்கே நிறுத்திவிட வேண்டும். ஊதல் நிற்கவில்லை, ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டே ஒலித்தது. கைநிறைய அரிசியோடு நின்றவர்களைப் பார்த்து, ம், போடுங்க, எல்லாரும் போடுங்க என்று குருக்கள் கையைத் தூக்கினார். பூரணம் அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

"இருங்க சாமி" என்றாள். "இன்னும் ஊதுறான்."